எந்த ராமசாமி?

கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22 அன்று ஒரு ஏழைப் புரோகிதர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. வைத்த பெயர் ஸ்ரீனிவாசன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார். ஆனால் "வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி" என்றால் உலகத்துக்கே ஒருவர்தான். 'வி' என்பது வலங்கைமான். 'எஸ்' என்பது தந்தை சங்கரநாராயணன். ஊரும் அப்பாவும் முன்னால் நின்று, இவர்தான் அந்த ஸ்ரீனிவாசன் என்று அடையாளம் காட்டிவிட்டார்கள்.

அதே காலத்தில் அதே காவிரிப் படுகையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூலி வேலைக்குக் கப்பல் ஏறினார்கள். ராமசாமி, முனுசாமி, கோவிந்தன், முனியம்மாள், மாரியம்மாள். இவர்களுக்கும் ஊர் இருந்தது, அப்பா இருந்தார். ஆனால் போன இடத்தில் இவர்கள் பெயருக்கு முன்னால் அவை நிற்கவில்லை. இன்று அவர்களுடைய நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் டர்பனிலும் மொரீஷியஸிலும் பழைய பதிவேடுகளைப் புரட்டும்போது முதலில் எழும் கேள்வி இதுதான்: இத்தனை ராமசாமிகளில் எங்கள் ராமசாமி யார்?

ஒரே பெயருடைய பலரை ஆவணங்களில் எப்படிப் பிரித்து அறிவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

பேரன் என்றால் பெயரன்

முதலில், தமிழ்நாட்டில் ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்?

தமிழர்களிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. மேலை நாடுகளில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக அப்படியே வரும். இங்கே வருவது தாத்தாவின் பெயர். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். 'பேத்தி' என்பதும் 'பெயர்த்தி'யே.

இதன் விளைவைக் கவனியுங்கள். கோவிந்தன் மகன் ராமசாமி. அவன் மகன் கோவிந்தன். அவன் மகன் மறுபடியும் ராமசாமி. நூறு ஆண்டுகளில் ஒரே வீட்டில் "கோவிந்தன் மகன் ராமசாமி" என்று இரண்டு பேர் இருந்திருப்பார்கள். அப்பா பெயரும் தன் பெயரும் இரண்டுமே ஒத்துப்போகும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே உள்ள ஐம்பது அறுபது வருட இடைவெளியை வயதுக் கணக்கு ஒன்றுதான் காட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே தாத்தாவின் பெயரை வைப்பார்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில் நான்கு ராமசாமிகள்! அதனால்தான் கிராமத்தில் கோடிவீட்டு ராமசாமி, கிணத்தடி ராமசாமி, பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி என்று பட்டப்பெயர்கள் முளைத்தன. வேல்ஸ் நாட்டிலும் ஜோன்ஸ் என்ற பெயர் மிகுந்துபோனதால் "பால்கார ஜோன்ஸ்" என்பதுபோலத் தொழிலைச் சேர்த்துக் கூப்பிடும் வழக்கம் இருந்தது. மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் பழைய வழக்கம். தன் பிள்ளைக்கே மாமனார் பெயர் இருந்தால் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் வீட்டில் தம்பி, துரை, ராசு என்று ஒரு கூப்பிடும் பெயர் வந்துவிடும். பதிவேட்டில் ஒன்று, ஊர் வாயில் வேறொன்று. பதிவேட்டுப் பெயரைச் சொல்லி ஊரில் விசாரித்தால் "அப்படி யாரும் இல்லையே" என்பார்கள்.

கல்வெட்டு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் இதற்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள்.

முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதற்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த 400 பேரின் பெயரும் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வெட்டப்பட்டுள்ளது. எல்லோர் பெயரும் 'நக்கன்' என்றே தொடங்குகிறது. அதற்குப் பின் வரும் பெயர்களிலும் பரவை போன்றவை பலருக்கு இருந்தன. அப்படியானால் யாருக்கு நெல் அளப்பது?

கல்வெட்டை எழுதியவர்கள் இதற்கு வழி செய்தார்கள். எந்தத் தளிச்சேரி, தென்சிறகா வடசிறகா, அதில் எத்தனையாவது வீடு, எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொரு பெயருடனும் சேர்த்தே வெட்டினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் தெருப் பெயர், கதவு எண், சொந்த ஊர். பெயர் ஒன்றாக இருக்கலாம், வீடு ஒன்றாக இருக்காது. பெயர் குழம்பினால் ஒருத்தியின் நெல் இன்னொருத்திக்குப் போய்விடும் என்பதால்தான் இத்தனை கவனம்.

ஆண்களின் பெயர்களிலும் சோழர் கல்வெட்டுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் 'இன்ன ஊர் உடையான்' அல்லது 'கிழான்'. அடுத்துத் தந்தை பெயர். பிறகு தன் பெயர். அதிகாரியாக இருந்தால் கடைசியில் மூவேந்தவேளான், பல்லவரையன் போன்ற பட்டம். ஜப்பானிய வரலாற்று அறிஞர் நொபோரு கராஷிமா, தமிழ்நாட்டின் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி, 1978ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு பெயர் எந்தக் கல்வெட்டில், எந்த ஊரில், எந்த ஆண்டில் வருகிறது என்று அதைக் கொண்டு தேட முடியும். சோழர் வரலாற்றில், நிலம் வைத்திருந்தவர் யார், அதிகாரிகள் யார் என்பதைப் பெயர்களைக் கொண்டே ஆராய அது வழி திறந்தது.

ஊர், தந்தை, தன் பெயர். "வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி" என்பதும் இதே வரிசைதான். சோழர் காலத்தின் வரிசை ஆங்கிலேயர் காலத்தில் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கியது. அவ்வளவே.

கப்பல் பட்டியல்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 342 பேர்தான் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை 384 கப்பல் பயணங்களில் மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று அதில் பல கட்டங்கள் இருந்தன. இந்தப் பட்டியல்கள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றுப் பேராசிரியர் சுரேந்திர பானா 1860 முதல் 1902 வரை சென்ற 95,382 பேரின் விவரங்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்து 1991ல் நூலாக வெளியிட்டார்.

இவ்வளவு விவரம் இருந்தும் தேடுவது ஏன் கடினம்?

முதல் காரணம், எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே ராமசாமி ஒரு பக்கத்தில் ராம்சாமி, இன்னொரு பக்கத்தில் ராம்சாமே. முனுசாமி 'மூன்சாமி' ஆனார். வலங்கைமானே அந்தக் கால ஆங்கில ஆவணங்களில் 'வலங்கிமான்' என்றுதான் இருக்கிறது. தஞ்சாவூர் 'டான்ஜூர்'.

இரண்டாவது காரணம், ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களைப் போலவே பலமுறை வருகின்றன. வலங்கைமான் வட்டத்தில் குரு தலமாகப் புகழ்பெற்ற ஆலங்குடி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னோர் ஆலங்குடி, அது வட்டத் தலைநகரமே. நல்லூர், புத்தூர், மணலூர் எத்தனை என்று எண்ணி முடியாது. தாலுகாவைப் பார்க்காமல் கிராமத்தை மட்டும் பார்த்தால் வேறு மாவட்டத்துக்கே போய்விட நேரும்.

மூன்றாவது காரணம், எல்லைகள் மாறிவிட்டன. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த வலங்கைமான், 1997ல் திருவாரூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. பழைய பதிவில் உள்ள மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடினால் ஊர் கிடைக்காது.

'சாமி' ஆன மனிதர்கள்

பட்டியலில் தந்தை பெயரும் ஊரும் இருந்தன. ஆனால் கரும்புத் தோட்டத்தில் அவை யாருக்கும் தேவைப்படவில்லை. அங்கே வேண்டியது எண் ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் தமிழ்க் கூலிகளின் பெயர்கள் 'சாமி' என்று முடிவதைப் பார்த்து, இந்தியர்கள் எல்லோரையுமே 'சாமி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். சாமி என்றால் எஜமான் என்று பொருள் என்பதைச் சிலர் அவர்களுக்கே திருப்பிச் சொன்னதைக் காந்தி தன் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். மலேயாவில் 'ராமசாமி' என்பதே தமிழ்த் தொழிலாளிக்குப் பொதுப் பெயராகிவிட்டது. ஒரு மனிதனின் பெயர் ஒரு கூட்டத்தின் பெயராகும்போது அந்த மனிதன் மறைந்துபோகிறான்.

அதே நூலில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி வருகிறார். முதலாளி அடித்ததில் பல் உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்றவர். காந்தியின் பொதுவாழ்வில் அது பெரிய திருப்பம். ஆனால் கதையில் அவருடைய தந்தை பெயர் இல்லை, ஊர் இல்லை, எண்ணும் இல்லை. இவை இல்லாமல் கப்பல் பட்டியலில் 'பாலசுந்தரம்' என்று தேடுகிறவர், கிடைக்கும் முதல் ஆளை இவர்தான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

சத்தியாக்கிரகச் சிறைவாசத்தால் 1909 ஜூலை 6ல் உயிர்விட்ட இளைஞர் நாகப்பன் ஆவணங்களில் 'சாமி நாகப்பன்', 'சுவாமி நாகப்பன்' என்றெல்லாம் வருகிறார். இங்கே சிக்கல் தலைகீழ். பலருக்கு ஒரு பெயர் என்பது போய், ஒருவருக்கே பல பெயர்.

வள்ளியம்மையின் கதை இன்னும் சிந்திக்க வைப்பது. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். சிறையில் உடல் நலிந்து 1914 பிப்ரவரி 22ல் இறந்ததும் அங்கேதான். தென்னாப்பிரிக்க ஆவணங்களில் அவர் தந்தை முனுசாமி முதலியாரின் பெயரோடு வருகிறார். தமிழ்நாட்டில் அவர் பெயர் 'தில்லையாடி வள்ளியம்மை'. அது பெற்றோரின் ஊர். எத்தனையோ வள்ளியம்மைகளில் இவரைத் தனித்துக் காட்ட, தமிழ்நாடு செய்த முதல் காரியம் ஊர்ப் பெயரை முன்னால் வைத்ததுதான்.

பெயர் குடும்பப் பெயராக மாறிய விதமும் நாட்டுக்கு நாடு வேறு. தென்னாப்பிரிக்காவில் சாதிப் பட்டங்கள் குடும்பப் பெயராயின: பிள்ளை, நாயுடு, படையாச்சி, முதலியார் என்பதிலிருந்து வந்த 'மூட்லி', கவுண்டர் என்பதிலிருந்து வந்த 'கோவெண்டர்'. மொரீஷியஸில் முன்னோரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயரானது: ராம்சாமி, வீராசாமி, ஆறுமுகம் என்பதிலிருந்து 'ஆர்மூகம்'. எனவே மொரீஷியஸில் இரண்டு குடும்பங்களுக்கு ராம்சாமி என்று பெயர் இருந்தால் அவர்கள் உறவினர் என்று பொருளல்ல. இரு வேறு ராமசாமிகள் இரு வேறு கப்பல்களில் வந்திருக்கலாம்.

தேடும் முறை

அப்படியானால் எப்படித்தான் தேடுவது? ஒரு கற்பனை உதாரணம். டர்பனில் ஒரு குடும்பம், "எங்கள் பூட்டன் ராமசாமி, தஞ்சாவூர்ப் பக்கம்" என்று மட்டும் அறிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. பெயரில் தொடங்காமல் எண்ணில் தொடங்க வேண்டும். நேட்டாலில் ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த எண் அவருக்கு மட்டுமே உரியது. ஒப்பந்தம் முடிந்த சான்று, திருமணப் பதிவு, குழந்தைகளின் பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு ஆகியவற்றில் அந்த எண் இருக்கக்கூடும். வீட்டில் உள்ள ஒரு பழைய தாளில் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

2. இன்று இருப்பவரிலிருந்து முன்னோரை நோக்கிப் பின்னால் போக வேண்டும். உயிரோடு இருப்பவர், அவர் அப்பா, அவர் தாத்தா என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆவணம். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் வேறொரு ராமசாமியின் வீட்டுக்குள் நுழைந்துவிடுவோம்.

3. குறைந்தது மூன்று விவரமாவது ஒத்துப்போக வேண்டும். பெயரும் தந்தை பெயரும் மட்டும் போதாது. ஊர், வயது, கப்பல், வேலை செய்த தோட்டம், உடல் தழும்பு இவற்றில் ஒன்றாவது கூட வேண்டும். வயதில் நான்கைந்து ஆண்டு முன்பின் இருக்கலாம், பெரும்பாலும் அது குத்துமதிப்பாக எழுதியது. நெற்றித் தழும்பு அப்படி மாறாது.

4. பக்கத்து வரிகளையும் படிக்க வேண்டும். மனைவி, தம்பி, ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த எண்களில் பதிவாகியிருக்கலாம். தனியாகப் பார்த்தால் பொதுவான பெயர், கூட்டத்தோடு பார்த்தால் தனித்துத் தெரியும்.

5. ஒத்துவராததையும் தேட வேண்டும். தேர்ந்தெடுத்த ராமசாமி ஊர் திரும்பிவிட்டதாகவோ, சிறுவயதிலேயே இறந்ததாகவோ ஒரு குறிப்பு இருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அவரை விட்டுவிட வேண்டும்.

இத்தாலிய வரலாற்றாசிரியர்கள் கார்லோ கின்ஸ்பர்க், கார்லோ போனி இருவரும் 1979ல் ஒரு கட்டுரையில், சாதாரண மனிதர்களின் வரலாற்றை எழுதப் பெயரையே நூலாகப் பிடித்துப் போகலாம் என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் தமிழ்ப் பெயர்களில் அந்த நூல் பல இடங்களில் முடிச்சிட்டுக் கிடக்கிறது.

மொரீஷியஸில் இன்னொரு வசதி உண்டு. மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அங்கே வந்த இந்தியர்களின் பதிவேடுகள் உள்ளன. 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். முகத்தைவிடச் சிறந்த அடையாளம் ஏது? 2024 மார்ச்சில் இந்திய அரசு, ஏழாவது தலைமுறை வரையான இந்திய வம்சாவளி மொரீஷியர்களுக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறத் தகுதி உண்டு என்று அறிவித்தது. ஏழு தலைமுறையை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும் என்றால், சரியான ராமசாமியைக் கண்டுபிடிப்பது வெறும் ஆர்வம் அல்ல, உரிமை.

எண்ணும் இல்லாதவர்கள்

கடல் கடந்த எல்லோருக்கும் இப்படிப்பட்ட பதிவு கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தனி ஒப்பந்தம் இல்லை, நேட்டாலைப் போல விரிவான பட்டியலும் இல்லை. பிற்காலத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். தகரத்தில் அப்பா பெயருக்கு இடம் ஏது?

இதன் விலை பின்னால்தான் தெரிந்தது. 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை, அல்லது தந்தைவழித் தாத்தாவும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற நிலை. பிறப்புப் பதிவே இல்லாத, இருந்தாலும் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்ட தோட்டத் தொழிலாளர்களால் அது எப்படி முடியும்? 1949ல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்கென வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேர் விண்ணப்பித்தார்கள். குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர்.

இந்தியப் பக்கத்திலும் வெற்றிடம்தான். சிட்டா, அ-பதிவேடு போன்ற நிலப் பதிவுகளில் பட்டாதாரரின் பெயரும் தந்தை பெயரும் இருக்கும். ஆனால் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. மிராசுதாரரின் பெயர் ஊர்க் கணக்கில் நின்றது. அவர் வயலில் நாற்று நட்டவரின் பெயர் நிற்கவில்லை. அந்த மனிதனின் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய ஆவணம் அவனைக் கூலியாக ஏற்றிச்சென்ற கப்பலின் பட்டியல் ஒன்றாகவே இருக்கலாம் என்பது கசப்பான உண்மை.

முடிவாக

வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரி 1927ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் போனார். 1929 தொடக்கம் வரை அங்கே இருந்தார். இந்திய மக்களிடமே நன்கொடை திரட்டி டர்பனில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு வழி செய்தார். 1929ல் திறக்கப்பட்ட அந்த 'சாஸ்திரி கல்லூரி' இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மலேயாத் தமிழ்த் தொழிலாளர்களின் நிலையை ஆராய 1936ல் அனுப்பப்பட்டவரும் அவரே. ஊரைப் பெயரில் சுமந்து சென்ற ஒருவர், ஊரைப் பெயரிலிருந்து இழந்தவர்களின் பிள்ளைகளைச் சந்தித்தார் என்று சொல்லலாம்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய பட்டியலில் தன் பெயரை அல்லது பெற்றோர் பெயரைத் தேடும் வேலை வீட்டுக்கு வீடு நடந்தது. அதே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள அதே முறை.

எனவே இன்றே செய்யக்கூடிய ஒரு சிறு வேலை உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். வெறும் பெயர் போதாது. யாருடைய மகன், யாருடைய மகள், எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் "எந்த ராமசாமி?" என்று கேட்கும்போது அந்தத் தாள் பதில் சொல்லும்.